மூடிக்குப் பேரு உண்டு

வாடா அப்பு, இப்படித் திண்ணையில உக்காரு. வெத்தலையை வாயில போட்டுக்கிறேன், அப்பத்தான் எனக்குப் பேச்சு வரும்.

போன வாரம் உம் மவன் பள்ளிக்கூடத்துல "மிஸ், மணி... மணி..."ன்னு எந்திரிச்சு நின்னிருக்கான். அந்தம்மா சுவத்தைப் பாத்துட்டு, "பதினொண்ணுதான்டா ஆகுது, உக்காரு"ன்னுருச்சு. "மணி வலிக்குது மிஸ்"னு பய அழவும், பக்கத்துப் பெஞ்சு மணியை எழுப்பி, "ஏண்டா அடிச்சே?"ன்னு சுவத்தோரம் நிப்பாட்டிருச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது, பயலுக்கு நீர்க்கடுப்பு. அந்தம்மா மேல குத்தமில்ல. நம்ம வீட்டு அகராதியை அது எங்க கண்டது?

அதுக்கு மேல நீ. டாக்டர் "எங்க வலி?"ன்னு கேட்டா, "அங்க சார்"ங்கிறே. அங்கன்னா எங்கடா, ஆண்டிபட்டியிலயா அருப்புக்கோட்டையிலயா?

மாட்டுத் தோலுல நாலு மசுரு சுழிச்சு நின்னா ராஜமந்திரிச் சுழி, தாமணிச் சுழி, பாடைச் சுழின்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்ச பரம்பரைடா நாம. திமிலு, அலைதாடி, மடி, காம்புன்னு சந்தையில நின்னு சத்தமாச் சொல்லுவோம். பெத்த பிள்ளை உடம்புல மூணு எடத்துக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கிரும். பேரு தெரியாதுன்னு மட்டும் சொல்லிராத. வரப்புச் சண்டையில நீ பேசுனதை நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு உறுப்பைப் பாக்கி விடலையே நீ!

எங்க காலமும் லேசுப்பட்டதில்ல. பொட்டப் பிள்ளைக்கு அரைஞாண் கொடியில வெள்ளி கோத்துவிட்டு அதுக்கு அரைமூடின்னு பேரு வச்சோம். மூடிக்குப் பேரு உண்டு, மூடுனதுக்குக் கிடையாது. இப்ப நீங்க டவுன்ல இருந்து 'ஷேம் ஷேம்'னு ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்திருக்கீக. எடத்துக்கே வெக்கம்னு பேரு வச்சுட்டா, நாளைக்கு ஒரு வீணாப்போனவன் கையை வைக்கிறப்ப அந்தப் பிள்ளை என்னன்னுடா வந்து சொல்லும்? "என் வெக்கத்தைத் தொட்டாரு"ன்னா?

வக்கீலுக்குப் படிக்கிற உன் தங்கச்சிதான் சொன்னா. 2012-ல வந்த போக்சோ சட்டத்துல, பிள்ளை வாயால சொல்றதைச் சொன்னபடியே எழுதணுமாம். எழுதுற போலீசு காக்கிகூடப் போட்டிருக்கக் கூடாதாம். சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்து உக்காந்தா, உம் மவன் என்ன சொல்லுவான்? "மணியைத் தொட்டாரு"ம்பான். "எந்த மணி, கோயில் மணியா?"ன்னு எதிர்த்தரப்பு வக்கீலு எந்திரிப்பான்.

பெரிய பாடமெல்லாம் நடத்த வேணாம். குளிப்பாட்டுறப்ப சொல்லு. இது முழங்கை, இது தொப்புளு, இது ஆண்குறி, இது விதைப்பை, பின்னாடி புட்டம். சின்னவளுக்குப் பெண்குறின்னு சொல்லு. இந்த மறைவான எடங்களை நீயும் உன் பொண்டாட்டியும் டாக்டரும் தவிர வேற யாரும் தொடக்கூடாது, டாக்டரும் நீங்க பக்கத்துல இருந்தாத்தான்னு அதோட சேத்துச் சொல்லு. தொப்புளு வரைக்கும் கணீர்னு சொல்லிட்டு, கீழ வந்ததும் கள்ளச் சரக்கு விக்கிறவன் மாதிரி குரலை எறக்காத. பேரை மறந்தாலும் பயலுக நீ குரலை எறக்குனதை மறக்க மாட்டானுக.

கத்துக்கிட்ட ஜோருல கல்யாண மண்டபத்துல ஒரு நா உரக்கச் சொல்லத்தான் செய்வான். சொல்லட்டும். "மூக்கு, மூக்கு"ன்னு கத்துனப்ப வாயைப் பொத்துனியா? உம் மாமியா மூஞ்சியைச் சுளிச்சா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்.

காலண்டர் ஓரத்துல 1098-ன்னு எழுதி வையி. பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா காசில்லாமக் கூப்பிடுற நம்பரு.

பொறவு, போறப்ப ரெண்டு கடலை மிட்டாய் வாங்கிட்டுப் போயி அந்த மணிப் பயலைப் பாரு. செய்யாத குத்தத்துக்கு ஒரு பீரியடு நின்னிருக்கான்.