வில்லங்கத்தில் வராத சாவி

பழைய வீட்டைக் கிரயம் பேசி வாங்குகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. மடிப்பாக்கத்தில் இருப்பார், மதுரை கே.கே. நகரில் இருப்பார், கோவை வடவள்ளியிலும் இருப்பார். கையில் ஜிப் வைத்த ஃபைல். அதற்குள் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, வக்கீல் ஒபினியன், அந்த வக்கீல் சரியாகத்தான் பார்த்தாரா என்று இன்னொரு வக்கீலிடம் வாங்கிய ஒபினியன். எப்போதோ வங்கியில் அடமானம் வைத்து மீட்ட ஆவணத்தில் ஒரு இனிஷியல் பிசகியிருந்தால் போதும், விற்பவரை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார். இவ்வளவு உஷாரான மனிதர், பத்திரம் பதிவாகி சார்பதிவாளர் அலுவலக வாசலில் விற்றவர் சாவிக்கொத்தை நீட்டும்போது மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்றுகூடக் கேட்கமாட்டார். கேட்டால் விற்றவர் மனம் புண்படுமாம்.

அன்று மாலையே வீட்டம்மா ஆரம்பிப்பார்.

"ஏங்க, வாசக்கதவுப் பூட்டை மாத்திடலாமா?"

"எதுக்கு? மூணு சாவியும் கொடுத்துட்டாரே. தங்கமான மனுஷர்."

தங்கமான மனுஷர் என்பதற்கு நம்மவரிடம் உள்ள ஆதாரம், பேரம் பேசப் போன அன்று அந்த வீட்டில் நல்ல காபி கொடுத்தார்கள் என்பதுதான். பத்திர விஷயத்தில் இதே காபியைக் குடித்துவிட்டுத்தான் இரண்டு வக்கீல் வைத்தார்.

செலவைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 4 விழுக்காடாக இருந்த பதிவுக் கட்டணத்தை 2023இல் 2 ஆக்கினார்கள். எண்பது லட்ச ரூபாய் மதிப்புக்கு இரண்டும் சேர்ந்து 7,20,000 ரூபாய். முணுமுணுக்காமல் கட்டினார். தரகருக்குக் கமிஷன் கொடுத்தார். வாஸ்துக்காரர் சொன்னார் என்று பாத்ரூம் கதவைப் பெயர்த்து எதிர்ச் சுவரில் வைத்தார். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ப் பூட்டு என்றதும்தான், "ஏற்கெனவே கையை மீறிப் போச்சு, அடுத்த மாசம் பார்ப்போம்" என்கிறார். அந்த அடுத்த மாசம் எந்த வருஷத்தில் வருகிறது என்று காலண்டரில் போடுவதில்லை.

வீடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த வங்கியில் அடமானத்தில் கிடந்தது என்பதெல்லாம் வில்லங்கச் சான்றில் வரும். சாவி யார் யார் கைக்குப் போனது என்பது வராது. வந்தால் அதுதான் நீளமான சான்றாக இருக்கும். விற்றவர் அங்கே சில வருஷம் குடியிருந்தார். பிறகு ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நால்வருக்கு வாடகைக்கு விட்டார். நால்வருக்கும் நாலு ஷிஃப்ட், ஆகவே நாலு சாவி. காலி செய்யும்போது இரண்டைக் கொடுத்தார்கள், மிச்சம் எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. வெள்ளையடிக்க வந்த மேஸ்திரி ஒன்று வைத்திருந்தார். வீடு விற்பனைக்கு வந்த பிறகு தரகரிடம் ஒன்று, பார்ட்டிகளை அழைத்துவந்து காட்டும் தரகரின் மச்சானிடம் ஒன்று, அவர்கள் இருவரும் வராத நாளுக்கென்று கீழே இஸ்திரி போடும் அம்மாவிடம் ஒன்று. இவர்களில் ஒருவரும் திருடர் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சாவி என்று எல்லாருமே பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரம்தான் கவலை.

சாவி இப்படிக் குட்டி போடுவதற்கு ஆகும் நேரமும் கொஞ்சம்தான். தெருமுனையில் குடை விரித்து, இரும்பு வளையத்தில் நூற்றுக்கணக்கான பிளாங்க் சாவிகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஒரிஜினலைக் கொடுத்தால் போதும். மெஷினில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கடித்துப் பிடிக்கவைத்து ஓட்டி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, டீ ஆறுவதற்குள் தந்துவிடுவார். இது யார் வீட்டுச் சாவி என்று அவர் கேட்பது அபூர்வம். கேட்டாலும், என் வீட்டுச் சாவிதான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

நம்மவரிடம் இதைச் சொன்னால் பூட்டின் குலப் பெருமைக்குப் போய்விடுவார். "கோத்ரெஜ் பூட்டு சார்! 1897லேர்ந்து பண்றாங்க." உண்மைதான். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்த அர்தேஷிர் கோத்ரெஜ் அந்த வருஷம் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். பூட்டின் யோக்கியதையில் யாருக்கும் சந்தேகமில்லை. சரியான சாவி வந்தால் திறக்க வேண்டும் என்பது அதற்குக் கொடுத்த வேலை. அது யார் பாக்கெட்டிலிருந்து வந்தாலும் திறந்துவிடும், அவ்வளவு நேர்மை.

இந்த இடத்தில் வீட்டம்மாவின் தம்பி நுழைவார். யூடியூப் பார்த்தே பாதிப் பூட்டுக்காரர் ஆனவர்.

"மாமா, எந்தப் பூட்டையும் திறக்கலாம் மாமா. 1851லயே பண்ணிக் காட்டிட்டாங்க."

அவர் சொல்வது லண்டன் பெரும் பொருட்காட்சி நடந்த வருஷத்துக் கதை. அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டு வியாபாரி வந்து இறங்கினார். யாராலும் திறக்க முடியாது என்று ஆங்கிலேயர் நம்பியிருந்த சப் கம்பெனியின் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். அடுத்து பிராமா பூட்டு. சாவியில்லாமல் இதைத் திறக்கிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி, பிக்காடிலியில் கடை ஜன்னலிலேயே வைத்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் பக்கத்தில் யாராலும் போக முடியவில்லை. ஹாப்ஸ் பதினாறு நாளில், மொத்தம் 51 மணி நேரம் செலவழித்து அதையும் திறந்தார். லண்டனில் பணமும் நகையும் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தூக்கம் போயிற்று.

"அம்பத்தோரு மணி நேரமா?" என்பார் நம்மவர், நிம்மதியாக. "அதுக்குள்ள நம்ம வாட்ச்மேனே ரெண்டு தடவை முழிச்சுப் பார்த்துடுவாரே."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஹாப்ஸ் மாதிரி பூட்டுக்கு முன்னால் தவம் கிடக்க நம் ஊர்த் திருடருக்குப் பொறுமை கிடையாது. கடப்பாரையோடு வருவார், இல்லாவிட்டால் பின்கட்டுக் கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை ஒரே நெம்பில் எடுப்பார். அவருக்காக வாசல் பூட்டை மாற்றுவது வீண். மாற்றச் சொல்வது, சத்தமில்லாமல் சாவி போட்டுத் திறந்து, போகும்போது ஒழுங்காகப் பூட்டிவிட்டும் போகிற ஆளுக்காக. கதவில் கீறல் இருக்காது. வீட்டுக்குள்ளேயே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, வேலைக்காரம்மாவை அழவைத்து, கடைசியில் காவல் நிலையம் போனால், "கதவு உடைச்சிருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். களவுக் காப்பீடு எடுத்தவர்கள் பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துப் பார்க்கலாம். பலவந்தமாக நுழைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும்.

இத்தனை சொல்லியும் அசையாத நம்மவர், ஒரு லட்டுக்கு அசைந்தார்.

குடிவந்து கொஞ்ச நாளில் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினார்கள். சாப்பாட்டு மேஜையில் எவர்சில்வர் டப்பா. திறந்தால் லட்டு, பக்கத்தில் கொஞ்சம் முறுக்கு. பால்கனித் தொட்டிகளில் ஈரம் காயாத மண். பூஜை அலமாரிக்கு மேல் ஆணியில் தொங்கிய பழைய காலண்டரைக் காணோம். வீட்டம்மா அலறவில்லை. டப்பா மூடியில் ஊசியால் குத்தியிருந்த பெயரைக் கணவனிடம் காட்டினார், அவ்வளவுதான். விற்றவரின் பெயர்.

போன் போட்டால் அந்தப் பக்கம் உற்சாகம். "பேத்திக்குக் காது குத்து சார். குடுக்கலாம்னு வந்தோம், நீங்க இல்லை. சரி, வந்தது வந்தோம்னு வெச்சுட்டு, செடியும் வாடியிருந்துதேன்னு ரெண்டு செம்பு ஊத்திட்டு வந்தாங்க உங்க அக்கா. அந்தக் காலண்டர்ல பால் கணக்கு இருந்துது. சாவியா? அது இவ பர்ஸ்லயே கிடந்திருக்கு சார், நாங்களே மறந்துட்டோம்!"

மச்சான்காரர் உடனே சட்டம் பேசினார். அவர் படித்தது சரிதான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, எப்படியெல்லாம் நுழைந்தால் கன்னக்களவு ஆகும் என்று வரிசையாகச் சொல்கிறது. பூட்டைத் திறந்து நுழைவதும் அந்த வரிசையில் உண்டு. ஒருவர் தொலைத்த வாசல் சாவியைக் கண்டெடுத்து, அதைப் போட்டுத் திறந்து அத்துமீறி நுழைந்தால் அதுவும் கன்னக்களவே என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து பழைய சட்டம் போனபோதும் இந்த விஷயம் போகவில்லை. ஆனால் அத்துமீறலுக்கு ஒரு நோக்கம் வேண்டும். குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ நுழைந்திருக்க வேண்டும். லட்டு வைப்பது இதில் எதில் சேரும்? முறுக்கைக் கடித்துப் பார்த்த நம்மவர், எரிச்சலூட்டலில் சேர்க்கலாம் என்றார். ஊறிப் போயிருந்தது.

மறுநாள் ஹார்டுவேர் கடை. போன வேகத்தில் ஒன்றை மறந்துவிட்டார்.

"சிலிண்டர் எந்த சைஸ் சார்? அறுபதா, எழுபதா?"

"வாசக்கதவுதான்."

"கதவு தடிமன் எவ்வளவு சார்?"

"தேக்கு."

திரும்பி வந்து டேப் பிடித்து அளந்துகொண்டு போனார். ஒரு வார்த்தை அவருக்காகச் சொல்ல வேண்டும். பூட்டை மாற்றுவது என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு, கதவைக் குடைந்து, மரத்தூளை மூன்று நாள் கூட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கைப்பிடியின் கீழே சாவித் துவாரம் தனி உருளையாக இருந்தால் அதெல்லாம் தேவையில்லை. கதவின் விளிம்பில், பூட்டு நாக்கு வெளியே வரும் தகட்டில், துவாரத்துக்கு நேராக ஒரு நீள ஸ்குரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் உருளை கையோடு வந்துவிடும். அதே அளவில் புதியதைச் செருகி ஸ்குரூவை முடுக்கினால் தீர்ந்தது. கைப்பிடி, தகடு, கதவு எதையும் தொட வேண்டாம். 1861இல் லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் உருளைக்குள் குட்டிக் குட்டிப் பின்களை வைத்து காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடுதான். அந்தப் பின்களை மட்டும் மாற்றி, பழைய பூட்டுக்குப் புதுச் சாவி செய்யவும் முடியும். நம் ஊரில் அதற்கு ஆள் தேடுகிற நேரத்தில் புது உருளையே வாங்கிவிடலாம். ஒரு ஸ்குரூ டிரைவரும் பத்து நிமிஷமும் போதும் என்ற வேலைக்கு நம்மவர் தூக்கம் கெட்டது ஒரு மாதம்.

மகன் ஃபோனிலிருந்தபடி டிஜிட்டல் பூட்டுக்குச் சிபாரிசு செய்தான். விரல் வைத்தால் திறக்கும், நம்பர் போட்டால் திறக்கும், பேட்டரி தீர்ந்தால் ஒரு அவசரச் சாவி. அந்த அவசரச் சாவியை எங்கே வைப்பது என்று நம்மவர் கேட்டார். "வீட்டுக்குள்ளதான், பத்திரமா" என்றான் மகன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அதற்குப் பதில் ஊர்வீட்டுப் பரணிலிருந்து தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்து இரும்பு கேட்டில் மாட்டினார். கையால் அடித்துச் செய்த பூட்டு, ஒரே சாவி. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது முதல் அதைப் பற்றிப் பேச அவருக்குக் கூடுதல் உரிமை வந்திருக்கிறது. திறக்கும் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்துவிடும். அதனால் யாரும் கேட்டைப் பூட்டுவதில்லை.

புது சிலிண்டரோடு சீல் வைத்த உறையில் ஐந்து சாவி வந்தது. பக்கவாட்டில் குழிகள் போட்டிருக்கும், கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் கீ என்பார்களே, அந்த வகை. தெருமுனை மெஷினில் சுலபமாகப் போட முடியாது என்று கடைக்காரர் உத்தரவாதம் சொன்னார். நம்மவர் அந்த உறையை பீரோவில் வைத்துப் பூட்டினார். முதல் வாரத்தில் வீட்டம்மாவுக்கு ஒன்று. காலை ஆறு மணிக்கு வரும் வேலைக்காரம்மாவுக்குக் கதவு திறக்க யார் எழுந்திருப்பது? ஒன்று. மகன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது, எதிர் ஃபிளாட்டில் ஒன்று. தன்னுடையதை மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர் டிக்கியில். ஸ்கூட்டர் சாவி வழக்கம்போல வண்டியிலேயே.

ஐந்தாவது மிச்சம் இருந்தது. அப்போதுதான் பழனிக்குப் போவதாகப் பேச்சு வந்தது. நாலு நாள், நல்ல வெயில் காலம். தொட்டிச் செடிகளை யார் பார்ப்பது? தவிர இன்னொன்றும் நம்மவரை உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் என்றைக்காவது வந்து பழைய சாவியைப் போட்டு, அது திரும்பாமல், வாசலில் நாலு பேர் பார்க்க நின்றால் என்ன நினைப்பார்? வீட்டம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போனார். காபி வந்தது. குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாவியை டீப்பாயில் வைத்தார்.

"பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு சார், அதான் மாத்த வேண்டியதாப் போச்சு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்."

பெரியவர் சாவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு போதும் சார். டூப்ளிகேட் நானே போட்டுக்கறேன். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் பர்மா பஜார்ல இருக்கான், இந்த மாடலும் போடுவான்."