குளத்து மண்ணும் கேமராக் கண்ணும்

இந்திய அரசாங்கத்துக்குக் கண் இல்லை என்று இனி யாரும் பழி சொல்லக்கூடாது. இருக்கிறது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை திறக்கிறது. ஏரிக்கரையில் சேலைக்கு மேலே புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வரிசையாக நிற்க, பணித்தளப் பொறுப்பாளர் தன் சொந்தக் கைபேசியில், தன் காசில் போட்ட டேட்டாவில் படம் பிடிக்கிறார். படத்தோடு அந்த இடம் பூமியின் எந்தப் புள்ளி என்கிற விவரமும் டெல்லிக்குப் போகிறது. 2021இல் சோதனையாகத் தொடங்கி 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. இதற்கான செயலியில் படம் ஏறாவிட்டால் அன்றைக்கு வேலை நடக்கவில்லை. வெட்டிய மண் கரையில் மலையாகக் கிடந்தாலும் அது சாட்சி ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை. மண்ணை அளந்துதான் கூலி போடுகிறார்கள். ஓவர்சியர் நீளம், அகலம், ஆழம் பார்த்து, போதவில்லை என்றால் குறைத்துவிடுவார். அப்படி அளந்து கொடுக்கிற கூலிக்கு ஆள் மத்தியானம் வரை அங்கேயே நிற்கிறாளா என்று ஏன் பார்க்கவேண்டும்? விடிகாலையில் வந்து பத்து மணிக்குள் தன் பங்கை வெட்டி முடித்தவள் அடுத்த படத்துக்காக வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைத்தளத்தில் நிழல் இருக்கவேண்டும், குடிதண்ணீர் இருக்கவேண்டும், முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான சட்டமே சொல்கிறது. அவற்றைக் காலையும் மாலையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லும் செயலியை எந்த மேதையும் இதுவரை எழுதவில்லை.

சரி, ஊழல் நடக்கவில்லையா? நடக்கிறது. ஊரில் இல்லாதவர் பெயரும், செத்தவர் பெயரும் வருகைப் பட்டியலில் ஏறியது உண்டு. ஆனால் பட்டியலை எழுதுவது மண்வெட்டி பிடிக்கிற கை அல்ல, பேனா பிடிக்கிற கை. கேமராவை அந்தக் கையின் பக்கம் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. விளைவு என்ன? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றனவாம். படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்களாம். ஒரே ஆளின் படம் பல பட்டியல்களில் வருகிறதாம். பெண்கள் பெயர் இருக்கும் இடத்தில் ஆண்கள் நிற்கிறார்களாம். இதற்கு அமைச்சகம் கண்டுபிடித்த மருந்து: ஏறுகிற படங்கள் அத்தனையையும் ஊராட்சி அளவில் ஓர் ஆள் உட்கார்ந்து சரிபார்க்கவேண்டும். ஆளை நம்பாமல் செயலி கொண்டுவந்தோம், செயலியை நம்பாமல் ஆளைப் போட்டோம். அந்த ஆளைப் பார்க்க இன்னொரு செயலி வரும், பொறுத்திருங்கள்.

கூலி கொடுக்கிற பக்கத்துக்கு வருவோம். நூறு நாள் வேலை தந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் கூலியாட்களுக்கு மட்டுமல்ல, சர்க்காருக்கும் கெடு வைத்தது. வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி வரவேண்டும். தவறினால் 16ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் 0.05 சதவீதம் இழப்பீடு. தமிழ்நாட்டில் 2025-26க்கு நாள்கூலி 336 ரூபாய் என்றால், ஒரு நாள் தாமதத்துக்கு 16.8 காசு. நூறு நாள் இழுத்தடித்தால் 16 ரூபாய் 80 காசு. ஆண்டுக் கணக்கில் 18 சதவீதம் வருகிறது, வட்டி மோசமில்லை. கொடுத்தால்தானே!

கொடுக்காமல் இருப்பதற்கு டெல்லி செய்த தந்திரம் இருக்கிறதே, அதைச் செய்தவருக்குப் பத்ம விருது கொடுக்கலாம். தாமதத்தைக் கணக்கிடும் கணினி, பணப் பரிமாற்ற ஆணை வட்டாரத்தில் தயாராகும் நாள் வரைதான் எண்ணியது. ஆணை டெல்லிக்குப் போனதும் கடிகாரம் நின்றுவிடும். அங்கே அது இரண்டு வாரம் தூங்கினாலும் இரண்டு மாதம் தூங்கினாலும் கணக்கில் தாமதம் இல்லை. கீழே ஒரு எழுத்தர் இரண்டு நாள் தாமதித்தால் குற்றம். மேலே ஒரு அமைச்சகம் இரண்டு மாதம் தாமதித்தால் அது நிர்வாகம். 2018 மே மாதம் சுவராஜ் அபியான் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. ஒன்றிய அரசின் பக்கம் நேரும் தாமதத்துக்கும் இழப்பீடு உண்டு, தாமதம் யாரால் என்பது தொழிலாளியின் கவலை அல்ல என்றது. தீர்ப்புக்குப் பிறகும் 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று மாநிலத்தை ஆண்டவர்கள் தெருவில் நின்று கத்தவேண்டியிருந்தது. வேலை முடிந்து மாதக்கணக்காகியும் கூலி இல்லை. படங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன.

ஆதார் கதை தனி. 2024 ஜனவரி 1 முதல் ஆதாரோடு கோத்த வழியில்தான் கூலி. வேலை அட்டையில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிய இன்னொரு பெயர், வங்கியில் ஆங்கில எழுத்து ஒன்று கூடின மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதாரைக் கோக்கும் இந்தத் திருப்பணி மும்முரமாக நடந்த 2022-23இல் மட்டும் 5.18 கோடித் தொழிலாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதாக அரசே மக்களவையில் சொன்னது. முந்தைய ஆண்டில் 1.49 கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடி என்பதை வைத்து நீக்கத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். போலி அட்டை, இரட்டை அட்டை, ஊரைவிட்டுப் போனவர், இறந்தவர் என்று காரணங்கள் அடுக்கினார்கள். அவற்றில் ஒன்று: வேலை செய்ய விருப்பமில்லை. வருஷக்கணக்காகக் குளம் வெட்டியவளுக்குத் திடீரென்று விருப்பம் போய்விட்டது என்று குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரிந்தது? தெரியவேண்டியதில்லை. பட்டியலிலிருந்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் போதும்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை மேற்கு வங்கத்தில் நிஜமாகவே நடத்திக் காட்டினார்கள். முறைகேடு நடந்தது என்று 2022 மார்ச் முதல் மாநிலம் முழுமைக்கும் நிதியை நிறுத்தினார்கள். திருடியவர் யார் என்று கண்டுபிடித்து உள்ளே தள்ளுவது கஷ்டம். திருடாத கோடிப் பேரைப் பட்டினி போடுவது சுலபம். 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 1இலிருந்து திட்டத்தைத் திரும்பத் தொடங்கச் சொன்னது. ஒன்றிய அரசு அடங்கியதா? ஏழைக்கு வேலை கொடுக்கமாட்டேன் என்று வாதாட உச்ச நீதிமன்றம் வரை போய், அக்டோபரில் அங்கேயும் தோற்றது. அந்த வழக்குக்கு வக்கீல் கூலி 15 நாளுக்குள் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

இதே தேசத்தில் பத்து நிதியாண்டுகளில் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனை வங்கிகள் எழுதித் தள்ளியிருப்பதாக 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தகவல் வந்தது. எழுதித் தள்ளுவது வேறு, தள்ளுபடி வேறு, வசூல் தொடரும் என்பார்கள். தொடரட்டும். வாங்கியவர்கள் காலையும் மத்தியானமும் தங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று ஒரு படம் அனுப்பலாமே? 336 ரூபாய்க்கு இரண்டு படம் என்றால் அந்தத் தொகைக்கு எத்தனை என்று நிதி அமைச்சகம் கணக்குப் போடட்டும்.

மாநிலங்களும் சாமானியப்பட்டவை அல்ல. வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும், அது மாநிலத்தின் செலவு என்கிறது சட்டம். அதனால் மனுவை வாங்கினால் தேதி போட்ட ரசீது கொடுப்பதில்லை. ரசீது இல்லையென்றால் மனு இல்லை, மனு இல்லையென்றால் 15 நாள் ஓடாது. ‘அப்புறம் சொல்றோம் போம்மா’ என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு சட்டப்பிரிவையே புதைத்துவிட்டார்கள். படித்தவனுக்கு மட்டும் வாழ்வா? தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால் உதவித்தொகை கிடைக்கும்: பத்தாவது தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், பட்டதாரிக்கு 600. அதற்கும் வருஷாவருஷம் ‘எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை’ என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும். வேலை வாங்கித் தராத அலுவலகம் எழுதித் தரவேண்டிய வாக்குமூலத்தை வேலை கிடைக்காதவனிடம் வாங்குகிறார்கள்!

2025 டிசம்பரில் திட்டத்திலிருந்து காந்தி பெயரையும் எடுத்துவிட்டு விக்சித் பாரத் என்று தொடங்கும் நீண்ட பெயரில் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். நூறு நாள் 125 ஆனதாம், கைதட்டுங்கள். பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போடவேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டெல்லி முன்கூட்டியே நிர்ணயிக்கும், மிஞ்சினால் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையே கிடையாது. பண்ணைக்காரருக்கு மலிவாக ஆள் வேண்டுமே. கைரேகையும் முகமும் பார்க்க, மோசடியை மோப்பம் பிடிக்க, செயற்கை நுண்ணறிவு வருகிறது. கூலியை நேரத்துக்குக் கொடுக்க எந்த அறிவும் வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். சாமியானா, மைக், பொன்னாடை எல்லாம் முடியட்டும். எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள்: போன வருஷம் நம் ஊரில் 15 நாள் தாண்டி வந்த கூலி எவ்வளவு, அதற்குக் கொடுத்த இழப்பீடு எவ்வளவு? பதில் தெரியாது என்றால், ‘தெரியாது’ என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.