காசு வாங்கக் கூடாத வித்தை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒருவனைப் புதிதாகச் சந்திக்கிறவர்கள், அவனுடைய பெயரைக் கேட்பதற்கு முன்பாகவே, எந்தக் கம்பெனி, எந்த ஷிப்டு, கைக்கு எவ்வளவு வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்துவிடுவது இப்பிரதேசத்தின் சம்பிரதாயம். ஆகையால், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக உத்தியோகம் பார்த்துவந்த நான் ஆகாய விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டேன் என்ற சமாசாரம் பரவியபோது, கேட் செக்யூரிட்டியிலிருந்து மானேஜர் வரையில் எல்லோரும் அந்த மூன்றாவது கேள்வியையே கேட்டார்கள். "ஒன்றும் வராது, வாங்கினால் குற்றம்" என்று நான் சொன்ன பதிலை ஒருவரும் நம்பவில்லை. வருமான வரிக்குப் பயந்து மறைக்கிறேன் என்பதே பொதுஜன அபிப்பிராயமாக இருந்தது.

ஆனால் நான் சொன்னது சத்தியம். 17 வயது நிரம்பி, 10-ஆம் வகுப்புத் தேறி, வைத்தியர்களிடம் உடம்பையும் பரீட்சைக்காரர்களிடம் மூளையையும் காட்டி, 40 மணி நேரம் பறந்து, அதில் 20 மணி நேரம் பக்கத்தில் ஈ காக்கை இல்லாமல் தன்னந்தனியே பறந்து, 150 கடல் மைல் தூரத்திற்குக் குறையாமல் வழி கண்டுபிடித்துப் போய்த் திரும்பும் ஒரு மனிதனுக்கு நமது சர்க்கார் கொடுக்கும் பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்பது, இவ்வளவு பிரயத்தனத்திற்கும் கைம்மாறாக, அவ்வித்தையைக் கொண்டு கூலியாகவோ வாடகையாகவோ ஒரு பைசா கூட வாங்கக் கூடாது என்று அவனுக்குக் கட்டளையிடும் பத்திரமேயாகும். பலனைக் கருதாமல் கர்மத்தைச் செய் என்று கண்ணபிரான் அர்ஜுனனுக்கு உபதேசம்தான் செய்தார். விமான இலாகாவோ அதைச் சட்டமாகவே இயற்றிவிட்டது.

திருவள்ளூரில் இருக்கும் என் தாய்மாமன், ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தத் தத்துவத்தை அடியோடு மறுத்தார். "ஏண்டாப்பா, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த டி ஏஞ்சலிஸ் என்ன செய்தான்? சிம்ப்ஸன் கம்பெனியில் விமானம் கட்டி, 1910-லேயே தீவுத்திடலில் ஜனங்களிடம் காசு வாங்கிக்கொண்டல்லவா பறந்து காட்டினான்? டாட்டாவைப் பார். 1929-ல் இந்த தேசத்திலேயே முதல் நம்பர் லைசென்ஸை வாங்கினார். 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதை நெவில் வின்சென்ட் என்ற துரை சென்னை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான். எல்லாரும் வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள். உனக்கு மட்டும் என்ன?" என்றார். சரித்திரம் தெரிந்த உறவினர்களோடு வாதாடுவது புத்திசாலித்தனமல்ல என்பதால், வைத்தியப் பரீட்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அப்போது பேச்சை மாற்றினேன். அந்த நிமிஷமே அவர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் கரைப்பதற்கு வெல்லம் வாங்கிவரப் புறப்பட்டுவிட்டார். நோய் தீர வேண்டுமென்று அங்கே வெல்லம் கரைப்பார்கள். நோயே இல்லையென்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று கரைத்தவர் என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். என் இருதயமும் காதுகளும், வர்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டிய கண்களும், டாக்டர்களைத் திருப்தி செய்தன. வெல்லம் எவ்வளவு வேலை செய்தது என்பதை அந்தச் சர்ட்டிபிகேட்டில் குறிப்பிடவில்லை.

எங்கள் ஊருக்குத் தெற்கே, செங்குன்றம் போகும் வழியில், சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு, மோட்டார் பந்தயக்காரர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, பல வருஷகாலம் காதைத் துளைக்கும் சத்தத்தோடு கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் விட்டார்கள். விமானம் ஓட வேண்டிய தரையில் கார் ஓடியதன் பயனாக, விமானம் கற்க விரும்பிய நான் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் வேறொரு மின்சார ரயிலைப் பிடித்து, திரிசூலத்தில் இறங்கி மீனம்பாக்கத்திற்குப் போகவேண்டியதாயிற்று. மணிக்கு நூறு மைலுக்கு மேல் பறக்கும் இயந்திரத்தை அரை மணி நேரம் ஓட்டுவதற்காக அரை நாள் ரயிலில் நின்றுகொண்டு பிரயாணம் செய்வது என்ன நியாயம் என்று லோக்கலில் ஒரு மீன்காரம்மா கேட்டார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

செஸ்னா 152 என்ற அந்தச் சிறிய விமானத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம். மூன்றாவதாக ஒரு சாப்பாட்டுப் பாத்திரத்தை வைப்பதற்கும் யோசிக்க வேண்டும். எதிரே ஸ்டியரிங் போல ஒன்று இருக்கிறது. தரையில் போகும்போது அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் விமானம் கவனிப்பதில்லை. காலால் மிதித்தால்தான் திரும்பும். கையால் ஓட்டும் வித்தையைக் காலுக்கு மாற்றிக் கொடுப்பதற்குள் ஓடுபாதைக்குப் போகும் வழியின் மஞ்சள் கோட்டுக்கு இருபுறமும் நான் அநேக யாத்திரைகள் செய்து முடித்தேன். இதற்கிடையில், பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் வரையில் நாங்கள் ஓரமாக நிற்கவேண்டும். நிற்கும்போதும் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினால் மணிக்கணக்கு மீட்டரும் ஓடும். சென்ட்ரல் வாசலில் ஆட்டோ பிடித்து சிக்னலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த மனநிலையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

மேலே போன பிறகு மனித சுபாவத்திற்கே விரோதமான பாடங்கள் தொடங்குகின்றன. மூக்கை வேண்டுமென்றே உயர்த்தி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால், இறக்கையின் மேல் காற்று ஒட்டாமல் பிரிந்து, ஒரு ஊதல் பரிதாபமாக அலறி, விமானம் திடீரென்று தலை குப்புறக் கவிழும். இதை ஸ்டால் என்கிறார்கள். கீழே விழுகிற எந்த ஜீவனும் மேல்நோக்கி இழுக்கத்தான் பார்க்கும். விமானியோ இன்னும் கீழே தள்ள வேண்டும், தள்ளினால் வேகம் வரும், வேகம் வந்தால் இறக்கை மறுபடியும் தாங்கும். இதை இன்ஸ்ட்ரக்டர் கரும்பலகையில் விளக்கியபோது நான் பூரணமாக ஒப்புக்கொண்டேன். என் வயிறு ஒப்புக்கொள்வதற்கு வெகு நாள் பிடித்தது.

பிறகு ஒரு நாள் காலையில், எந்த முன்னறிவிப்புமில்லாமல், அந்த மகானுபாவர் பெல்ட்டை அவிழ்த்துக் கீழே இறங்கி, "ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள், சார்" என்று, கடைக்குப் போய்வரச் சொல்லும் தொனியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் நல்ல தேக புஷ்டி உள்ளவர். அவ்வளவு பாரமும் நீங்கியவுடன் விமானம் வழக்கமான இடத்திற்கு வெகு முன்பாகவே தரையை விட்டுத் துள்ளி, ஜோராக உயர்ந்தது. நான் பழக்கத்தினால், "சரிதானே சார்?" என்று வலப்பக்கம் திரும்பிக் கேட்டேன். காலி நாற்காலி ஆட்சேபணை ஒன்றும் சொல்லவில்லை. இறங்கியதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. விமானத்தை மறுபடியும் உபயோகிக்க முடிந்தது.

வழி கண்டுபிடிக்கும் பாடத்திற்காக வடக்கே வந்தபோதுதான் எங்கள் தொழிற்பேட்டையின் மகிமையை நான் உணர்ந்தேன். வரைபடத்தில் புழல், சோழவரம், பூண்டி ஏரிகள் அழகான நீல நிறத்தில் இருந்தன. அது கோடைக்காலமாதலால், நீலம் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் பழுப்பு மண்ணும், சோழவரத்தின் ஒரு மூலையில் கிரிக்கெட்டும் தென்பட்டன. ஏரிகள் கைவிட்ட என்னைக் கும்மிடிப்பூண்டி ரயில் பாதையும், கண்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்த கல்கத்தா ரோடும் காப்பாற்றின. எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தப் புகையைப் பற்றி நாங்கள் ஊரே திரண்டு மனுக் கொடுத்திருந்தோமோ, அதே ஆலைப் புகை சாய்ந்த திசையைப் பார்த்துத்தான் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். அதற்கு அப்பால் பழவேற்காடு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும். ராக்கெட்டுகள் கிளம்பும் அந்த வான வட்டாரத்தில் என்னைப் போன்றவர்களுக்கு வேலை இல்லையாகையால், இன்ஸ்ட்ரக்டர் தொண்டையைக் கனைப்பதற்கு முன்பே மரியாதையாகத் திரும்பிவிட்டேன்.

லைசென்ஸ் வந்த வாரம் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். ஐப்பசி மழைக்கு முன்னால் ரோலிங் ஷெட்டின் கூரையில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்பதை மேலேயிருந்து பார்த்துச் சொல்லிவிட்டால் சாரம் கட்டும் செலவு மிச்சமாகும் என்றும், அந்த நேரத்தை ஓவர்டைமில் எழுதிக்கொள்ளலாம் என்றும் தயாளத்தோடு சொன்னார். ஓவர்டைம் கூலியாகிவிடும், கூலி வாங்கினால் லைசென்ஸ் போய்விடும் என்று நான் விதிகளை எடுத்துச் சொன்னேன். டியூட்டி நேரத்தில் பறந்தாலும் சம்பளம் ஓடிக்கொண்டிருக்குமே, அதுவும் கூலிதானே என்று அவரே அடுத்த கேள்வியைக் கேட்டு, சிறிது நேரம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, "அப்படியானால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பறந்து பாருங்கள். அன்றைச் சம்பளத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். விமானத்தின் வாடகையையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். சட்டத்திற்கு அப்போது திருப்திதானே?" என்றார்.

சட்டத்திற்குப் பரம திருப்தி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.