மூடியிலும் பெயர்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், மலைக்கோட்டை அடிவாரத்துப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவருக்கு அரைநாள் வேலை உறுதி. அவர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள்தான் பெண்ணின் அம்மா, கணக்கு மாமி. மடியில் நாற்பது பக்க நோட்டு. அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை என்று வரிசையாகப் பெயர் ஏறுகிறது. காபி ஃபில்டருக்கு நாலு பாகம், ஆகவே நாலு பெயர். "கரண்டியில எங்க மாமி இடம் இருக்கு?" என்று ஊசியை நிறுத்தினால், "காம்புக்குப் பின்னாடி வெட்டுப்பா" என்று பதில் தயாராக வரும். இதில் கவனிக்க வேண்டியது இன்ஷியல். பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்துவிட்டார். பாத்திரத்தில் மட்டும் அப்பாவின் எழுத்தே நிற்கிறது. நாளைக்கு ஆதார் மாறலாம், வங்கிக் கணக்கு மாறலாம், அண்டா மாறாது.

சம்பந்தி வீட்டை நம்பாத மனசுதான் இப்படி வெட்டச் சொல்கிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வீட்டிலும் பெயர் வெட்டிய பாத்திரம்தான் தாராளமாக வெளியே போகிறது. பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்கும் மாடி வீட்டுப் பாயசத்துக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எங்கே சுற்றினாலும் வீடு திரும்பிவிடும். பெயரில்லாத பாத்திரம் பரணை விட்டு இறங்காது. யாருடையது என்று தெரிந்தால்தான் கொடுக்கவும் கை வரும்.

போயும் போயும் எவர்சில்வருக்கா இத்தனை பாடு, உண்மையான சொத்து நகையல்லவா என்று கேட்கலாம். நியாயம்தான். கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் நகை, முதலிரவன்றே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று மாமியார் கைக்குப் போனது. உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது 2024இல். சீதனத்தில் கணவனுக்குப் பங்கில்லை என்பது புதுச் சட்டமும் அல்ல. அதே நீதிமன்றம் 1985லேயே சொன்னதுதான். அந்த வருஷம் வந்த வரதட்சணைத் தடுப்பு விதிகள், கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதச் சொல்கின்றன: பொருள் என்ன, உத்தேச மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு. அடியில் பெண், பிள்ளை இருவரின் கையெழுத்து. விதியைப் படிக்காமலே மாமியின் நோட்டில் இந்த நாலும் இருக்கின்றன, கையெழுத்துதான் இல்லை. அதை யார் கேட்பது? மண்டபத்தில் பட்டியலை நீட்டினால் நாதஸ்வரம் நின்றுவிடும். நகையிலோ 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் கட்டாயம். தங்கத்தின் தரம் தெரியும், பெண்ணின் பெயர் தெரியாது. அதனால்தான் ரசீதையும் நகை போட்ட போட்டோவையும் மாமி நோட்டுக்குள் ஒட்டி வைக்கிறாள்.

அன்பிருக்கிற இடத்தில் கணக்கெதற்கு என்பவர்கள் ஸ்ரீரங்கத்துப் பங்குனி உற்சவத்தைப் பார்க்க வேண்டும். ஆறாம் நாள் நம்பெருமாள் காவிரியைத் தாண்டிப் போய் உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறாள், மட்டையடி என்கிற ஊடல் நடக்கிறது. பெருமாள் விரலில் இருந்த மோதிரம் எங்கே என்பதும் அந்த ஊடலில் ஒரு கேள்வி என்பார்கள். நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேச வேண்டியிருக்கிறது. தாயாரே மோதிரக் கணக்கு கேட்கிற ஊரில் மாமி கரண்டி எண்ணினால் என்ன?

ஆனால் இத்தனை நியாயமும் பெண்ணுக்கு அம்மாவாக இருக்கும் வரைதான். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் நோட்டு மேல்தட்டுக்குப் போய்விடும். "ஒரே குடும்பம்னு ஆனப்புறம் உன்னுது என்னுதுன்னு என்னடிம்மா? நகையெல்லாம் என் பீரோலயே இருக்கட்டும்" என்பாள். மருமகள் சிரித்துக்கொண்டே காபி கலக்கப் போவாள். மாமி மாவடு போட ஒரு சம்படத்தை எடுத்து, பழக்கத்தில் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். மருமகள் பெயர், அவள் அப்பாவின் இன்ஷியல். மூடியைத் திருப்புவாள். அதிலும்.