தலையெண்ணியல்: தக்லித் பயணத்தின் முதல் நாளை முன்வைத்து

யூத இளையோர் குழுவாக இஸ்ரேலுக்குப் போகும் பயணத்தின் முதல் நாளை ஆன்மிக எழுச்சி என்பார் ஒரு சாரார். வேர்தேடல் என்பார் இன்னொரு சாரார். தூக்கக் கலக்கம் என்பார் போய்வந்தவர். மூன்றும் பொருந்தா. முதல் நாள் என்பது தலை எண்ணுதலே. ஏனையவை இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில் நிகழ்பவை.

ஆய்வுக்களம் தக்லித். ஆங்கிலத்தில் பர்த்ரைட் என்றால் அமெரிக்க யூதருக்குத் தெரியும். 1999 முதல் 18 வயதைத் தாண்டிய இளையோரைப் பத்து நாள் இலவசமாக அழைத்துப் போகிறார்கள். இதுவரை 8 லட்சம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். பேருந்துக்கு ஏறத்தாழ 40 பேர். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் கூடியதும் ஓர் எண்ணிக்கை. ‘பெட்டியை யார் அடுக்கியது, யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினார்களா’ என்ற எல் அல் விமான நிறுவனத்தின் விசாரணை முடிந்ததும் இன்னொன்று. பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தில் இறங்கினால் கடவுச்சீட்டுக்குப் பின் ஒன்று, பெட்டிக்குப் பின் ஒன்று, பேருந்தில் ஒன்று. அப்போது நியூயார்க்கைவிடக் கடிகாரம் 7 மணி நேரம் முந்தியிருக்கும். பாதிப் பேர் தாங்கள் இருக்கிறோமா என்று தங்களுக்கே தெரியாத நிலையில் எண்ணப்படுகிறார்கள்.

இங்கே ஒரு தடை. யூதரை எண்ணக் கூடாது என்பது யூத மரபு. தாவீது அரசன் குடிகளை எண்ணினான். கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டனர் என்கிறது சாமுவேலின் இரண்டாம் ஆகமம். நற்செயலுக்காகக்கூட எண்ணலாகாது என்று யூதச் சட்டநூலான தல்மூதின் யோமா பகுதி கதவை அடைத்துவிட்டது. எண்ணாமல் எண்ணுவது எப்படி? முன்னோர் வழிகள் பல சொல்லியிருக்கிறார்கள். தலைக்கு அரை ஷெக்கல் வாங்கிக் காசை எண்ணலாம் என்கிறது யாத்திராகமம். அரை ஷெக்கல் நாணயம் இன்றும் புழக்கத்தில் உண்டு. ஆனால் இப்போதுதான் இறங்கிய பிள்ளைகளிடம் இருப்பது டாலர். சவுல் அரசன் ஆளுக்கோர் ஆட்டுக்குட்டி வாங்கி ஆட்டை எண்ணினான் என்று ரபிமார் உரை கண்டனர். பென் குரியன் மூன்றாம் முனையத்தின் சுங்க அதிகாரிகளை எண்ணி இம்முறையைக் கைவிடுகிறோம். தொழுகைக்குப் பத்துப் பேர் சேர்ந்தார்களா என்று பார்க்க, பத்துச் சொல் கொண்ட சங்கீத வசனமொன்றை ஆளுக்கொரு சொல்லாக ஓதுவதுண்டு. நாற்பது பேருக்கு நான்கு முறை ஓத வேண்டும். ஓட்டுநர் பொறுக்க மாட்டார். இத்திஷ் பேசிய பாட்டிமார் ‘ஒன்றில்லை, இரண்டில்லை’ என்று எண்ணி விதியையே ஏமாற்றினார்கள். இவ்வளவிலும் நேர்மையான முறை இதுவே என்பது என் துணிபு.

தற்கால முறை நுட்பமானது. ஆளுக்கோர் எண் கொடுத்துவிடுகிறார்கள். ‘மத்ரிக்’ எனப்படும் வழிகாட்டி குரல் கொடுத்ததும் ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவரே கூவ வேண்டும். இதில் எண்ணுபவர் யார்? ஒருவருமில்லை. எல்லாரும் தம் இருப்பை அறிவிக்கிறார்கள். வழிகாட்டியின் காதில் அது தற்செயலாக விழுகிறது. சட்டம் பிழைத்தது.

ஆயின் மோசடிக்கு இடமுண்டு. தூங்கும் தோழனுக்காகப் பக்கத்து இருக்கைக்காரி குரலைத் தடிப்பாக்கி அவன் எண்ணையும் சொல்லிவிடுவாள். இதுவும் புதிதன்று. எருசலேம் ஆலயத்தில் வேலைக்குச் சீட்டுப் போடும்போது குருக்கள்மார் விரல் நீட்டுவார்கள், விரலைத்தான் எண்ணுவார்கள். அங்கே கட்டைவிரலை நீட்டலாகாது என்கிறது பழைய யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா. ஏனெனில் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் அகல விரித்தால் ஓர் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். ஆலயப் பணியாளரையே நம்பாத மரபு, பத்தொன்பது வயதுக்காரர்களை நம்பிப் பேருந்தை எடுக்கச் சொல்வது வியப்பே.

எண்ணாமலே விட்டால் என்ன என்று கேட்போர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுக. பஸ்கா பண்டிகைக்கு நாசரேத்திலிருந்து எருசலேம் போன ஒரு குழு, ஊர் திரும்பும் வழியில் ஒரு நாள் நடந்தபின்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவர் கூட இல்லை என்று கண்டது. கூட்டத்தில் இருப்பார் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து ஆலயத்தில் கண்டுபிடித்தார்கள். புறப்படும்போது ஒருமுறை எண்ணியிருந்தால் முடிந்திருக்கும். சமயவியலாளர் இதில் வேறு பொருள் காண்பர். அது நம் துறையன்று.

முதல் நாள் மாலையில் பல குழுக்கள் எருசலேமின் ஹாஸ் நடைமேடைக்குப் போகும். பழைய நகரமும், விரல் நீட்டிய அந்த ஆலயம் நின்ற மேடும் எதிரே தெரியும். இந்நாள்வரை வாழவைத்ததற்கு நன்றி சொல்லும் ஆசியுரை ஓதுவார்கள், படம் எடுப்பார்கள், பேருந்தில் ஏறுவார்கள், கூவுவார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அத்துடன் நில்லாமல் கடைசி வரிசையிலிருந்து ‘நாற்பத்தொன்று’ என்று ஒரு குரல் வருவதும் உண்டு.

குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு நூல்கள் உள. கூடினால்? தாவீதும் சொல்லவில்லை, ரபிமாரும் சொல்லவில்லை. குரலுக்குரியவர் குழுவின் காவலுக்கு அன்று காலை வந்து சேர்ந்த இஸ்ரேலிய இளைஞர். எல்லாரும் சொல்கிறார்களே என்று மரியாதைக்குச் சொன்னவர். வழிகாட்டி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறார். அதற்குள் பதினேழு கழிப்பறைக்குப் போயிருக்கிறது.