எல்லை காக்கும் எண்ணெய்

மணிக்கட்டில் இரண்டு சொட்டு சந்தன எண்ணெய் தடவினால், அடுத்தவர் நம் எல்லைக்குள் நுழைய மாட்டாராம். பெங்களூரின் நறுமண வைத்தியர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்வோம்.

சந்தனத்திடமா இந்த வேலையைக் கொடுப்பது? 1792இல் திப்பு சுல்தான் அதை அரச உடைமையாக்கினார். அதன்பின் கர்நாடகத்தில் 2001 வரை, தன் தோட்டத்தில் தானாக முளைத்த சந்தன மரத்துக்குக்கூட வீட்டுக்காரர் உரிமை கொண்டாட முடியவில்லை. வீரப்பனோ அந்த மரத்துக்காக மாநில எல்லையையே மதிக்கவில்லை. இன்றும் சுவர், காவலாளி, கேமரா எல்லாம் தாண்டி வந்து திருடர்கள் அறுத்துப் போகிறார்கள். இந்திய அறிவியல் கழக வளாகமே தப்பவில்லை.

கதவைத் தட்டாமல் நுழையும் மாமாவுக்கா? தெருமுனை ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் இருக்கிறது. வாசனைதான் வராது.