கதையா, வித்வத்தா?

கேள்வி: நீண்ட பாட்டுக்குக் கதை முக்கியமா, வித்வத்தா? (கடலூர் வாசகர்)

பதில்: கதைதான் முதலில். இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் குழு 1972-இல் ஒரே பாட்டால் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் நிரப்பியது. கோபாலகிருஷ்ண பாரதியாரோ நூறாண்டுக்கும் முன்பே, சிவபக்தன் நந்தன் ஒருவனைச் சிதம்பரம் சேர்க்க ராகம் ராகமாகக் கீர்த்தனைகள் அடுக்கிவிட்டார்.

தில்லையில், அதாவது சிதம்பரத்தில், நுழைய நந்தன் அனுமதி கேட்டு நிற்கும் இடத்துக்கு மாஞ்சி. பைரவிக்குப் பக்கத்து வீட்டு ராகம் அது. ஒரு பிடி தவறினால் போதும். நந்தன் தில்லைக்குள் போகுமுன் பாடகர் பைரவிக்குள் போய்விடுவார்! வேகம் கூட்டினாலோ கெஞ்சல் அதட்டலாகிவிடும். அங்கே வித்வத்து என்பதே அடக்கம்தான்.

அதே கதையைச் சொல்லி 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்துப் பாடிய எம்.எம். தண்டபாணி தேசிகர், பின்னாளில் அதே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக அமர்ந்தார்.